மூடிய கையை இன்னும் மூட ஒரு மிஷின்

தஞ்சாவூர்ப் பக்கம் கை கால் விழுந்தவர்களுக்கு இப்போதெல்லாம் யாரும் புறா ரத்தம் தேடி அலைவதில்லை. அந்த இடத்தில் அக்குபங்சர் வந்து உட்கார்ந்திருக்கிறது. 2019-ல் மத்திய அரசு அதைத் தனி சிகிச்சை முறையாக ஏற்று ஆணை போட்டபிறகு, பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு போர்டாவது தொங்குகிறது. லண்டனில் ஸ்ட்ரோக்குக்குப் பிந்தைய வழக்கமான சிகிச்சையில் ஊசிக்கு இடமில்லை. ஊரில் கேட்ட மறுநாளே கிடைக்கிறது. நல்லதுதான். கோபம் வந்தது ஊசியைப் பார்த்து அல்ல, அதில் மாட்டிய வயரைப் பார்த்து.

சித்தப்பாவை அழைத்துப்போன கிளினிக்கில் ஊசி விஷயம் சுத்தம். 0.25 மி.மீ. தடிமன், ஒருமுறை மட்டும் பயன்படுத்துவது. பாக்கெட்டைக் கண் எதிரே பிரித்தார்கள். எடுத்த ஊசி நேராக வெள்ளை டப்பாவுக்குள் போனது. அதன்பிறகு ஊசிகளுக்குக் கரண்ட் கொடுக்கும், ஆறு ஜோடி வயர் போகும் சீனப் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். சித்தப்பாவின் வலது கை ஸ்ட்ரோக் வந்த பலருக்கும் இருப்பதுபோலத்தான்: முழங்கை மடங்கி, மணிக்கட்டு தொங்கி, கட்டைவிரலை உள்ளே வைத்து விரல்கள் இறுகியிருக்கும். பாதம் கீழ்நோக்கி இழுத்திருக்கும். கிளிப்பை எங்கே மாட்டினார்கள்? முன்கையின் உள்பக்கம், மணிக்கட்டுக்கு மேல் ஒன்று, முழங்கை மடிப்பில் ஒன்று. காலில் கெண்டைச்சதை நடுவில் ஒன்று, முழங்காலுக்குப் பின்னால் ஒன்று. பெட்டியின் குமிழைத் திருப்பியதும் ஒவ்வொரு துடிப்புக்கும் மூடியிருந்த கை இன்னும் மூடியது, பாதம் இன்னும் கீழே போனது. "பாத்தீங்களா ஐயா, நரம்புக்கு உயிர் வருது" என்று சந்தோஷமாகச் சொன்னார் ஊசி போட்ட பெண். இருபது நிமிடம் அப்படியே ஓடியது.

மடக்கும் தசைகள் ஏற்கெனவே தேவைக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கின்றன. பலம் இல்லாமல் கிடப்பவை விரிக்கும் தசைகள். கரண்ட் அவற்றுக்குத்தான் போக வேண்டும். கையில் என்றால் முழங்கையின் வெளிப்பக்கம் எல்.ஐ. 10 அல்லது 11 (இவையெல்லாம் அக்குபங்சர் புள்ளிகளின் குறியீடுகள்), புறங்கைப் பக்கம் மணிக்கட்டுக்கு இரண்டு கட்டைவிரல் மேலே டி.இ. 5. காலில் முழங்காலுக்கு நாலு விரல் கீழே, முன்னங்கால் எலும்புக்கு ஒரு விரல் வெளியே எஸ்.டி. 36, கூடவே ஜி.பி. 34. 2 ஹெர்ட்ஸில் (நொடிக்கு இரண்டு துடிப்பு) வைத்து மெதுவாக ஏற்றினால் மணிக்கட்டு மேலே எழ வேண்டும், பாதம் முன்பக்கமாகத் தூக்க வேண்டும். அப்படி எழாமல் விரல் மடங்கினால் ஊசி இடம் தவறியிருக்கிறது, அல்லது கரண்ட் அதிகமாகிப் பக்கத்துத் தசைக்குப் பரவுகிறது. இதைப் பார்த்துச் சொல்ல டாக்டர் வேண்டாம், கூட வந்தவரே போதும். நோயாளி சொல்வாரென்று இருக்கவும் கூடாது, அந்தப் பக்கம் உணர்ச்சி குறைந்திருக்கலாம். பேஸ்மேக்கர் உள்ளவருக்கு இந்தப் பெட்டியே ஆகாது.

உள்பக்கம் ஊசியே போடக்கூடாது என்பதில்லை. சீனாவின் தியான்ஜினில் ஷி சூயேமின் என்ற மருத்துவர் 1972-ல் உருவாக்கிய முறையில் அக்குளுக்குக் கீழும் முழங்கை மடிப்பிலும் குத்துவார்கள். ஆனால் கையாலேயே தூண்டி, மூன்று துடிப்பு வந்ததும் எடுத்துவிடுவார்கள். வயர் மாட்டி ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கப் போவது வேறு சமாச்சாரம்.

"அக்கா, வயரை வெளிப்பக்கம் மாத்திப் போடுங்க" என்று கேட்டால் மாற்றிப் போடுகிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். முகம் சுளிக்கக்கூட இல்லை. லண்டனில் இப்படி ஒரு யோசனை சொன்னால் மறுபடி அப்பாயின்ட்மென்ட் வாங்கச் சொல்வார்கள்.

இன்னொரு எரிச்சல்: ஊசியை எடுத்ததும் நேரே ஆட்டோ. ஸ்ட்ரோக்குக்கான அக்குபங்சர் பற்றிய 2016-ஆம் ஆண்டு காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் அமைப்பு) ஆய்வுத் தொகுப்பு, பலன் இருக்கலாம், ஆனால் சான்றுகள் தரம் குறைந்தவை என்றுதான் சொன்னது. ஆகவே ஊசியை மட்டும் நம்பி வீடு திரும்புவது வீண். இறுக்கம் சற்றுத் தளர்ந்திருந்தால் அந்த அரைமணி நேரத்தில்தான் கையை விரித்து ஊன்றப் பழக்க வேண்டும், எழுந்து உட்காரப் பழக்க வேண்டும். கிளினிக் வாசலில் நல்ல உயரத்தில் பெஞ்சு கிடக்கிறது, அதில் செருப்பைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள்.

ஹீலர் என்று சொல்லிக்கொள்பவர்களில் சிலர் பிரஷர் மாத்திரையையும் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையையும் நிறுத்தச் சொல்கிறார்கள். இதற்கு மட்டும் சமாதானமே கிடையாது. ரத்தம் உறையாமலிருக்கத் தரும் குளோபிடோக்ரெலை இஷ்டத்துக்கு நிறுத்துவது அடுத்த ஸ்ட்ரோக்கை அழைப்பது. அதே வேலைக்கான அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுபவர் அதை ஊசிக்கு முன்பே சொல்ல வேண்டும். ஊசி எடுத்த இடத்தைப் பஞ்சால் சற்று நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

எதிர்பாராத சந்தோஷம் வீட்டு வாசலுக்கே வந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பிசியோதெரபிஸ்ட். வந்ததும் கண்ணில் பட்டது சித்தப்பா கையிலிருந்த ரப்பர் பந்து. "அம்மா, இதை எடுத்து உள்ள வைங்க. அமுக்க அமுக்கக் கை இறுகும்" என்றார் சித்தியிடம். பிறகு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றில் ஒன்று செருகி உயரம் கூட்டினார். விழுந்த காலைச் சற்றுப் பின்னால் வைத்து, இரண்டு கையையும் கோத்து முன்னே நீட்டச் சொல்லி, மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை குனியவைத்து எழுப்பினார். அக்குளில் கைகொடுத்துத் தூக்கவில்லை. விழுந்த பக்கத் தோள் மூட்டு இறங்கியிருக்கும்போது அப்படித் தூக்குவது வலியை விலைக்கு வாங்குவது. சுலபமாக எழ வந்ததும் ஒரு நாற்காலியை உருவிவிடச் சொன்னார். லண்டனில் நாற்காலிக்கு உயரக் கட்டை வாங்க ஒரு ஃபாரம், ஒரு போன், ஒரு காத்திருப்பு. வாரத்தில் 5 நாளாவது, நாளுக்கு 3 மணி நேரமாவது பயிற்சி என்று 2023-ல் நைஸ் (அங்கே சிகிச்சை முறைகளை வகுக்கும் அமைப்பு) வழிகாட்டியில் எழுதியிருக்கிறது. பல இடங்களில் அது காகிதத்தோடு சரி.

ரப்பர் செருப்பையும் அவரே தடை செய்தார். பின்பக்கம் பட்டை வைத்த சாண்டல்தான். பாதம் தூக்காதவருக்கு வாசல்படியில் முதலில் தடுக்குவது அந்தச் செருப்பு.

அவரும் பல ஊர் பார்க்க வேண்டியவர், தினமும் வரமாட்டார். நடுவில் உள்ள நாட்களுக்கு வீட்டில் ஒருவர் பழகிக்கொள்ள வேண்டும். திட்டத்தில் சேர, ஊருக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொன்னால் போதும். டிஸ்சார்ஜ் சம்மரி நகலும் மாத்திரைச் சீட்டும் கையில் இருக்கட்டும். ஊசிக்காரரிடமும் அதே நகலைக் கொடுங்கள், அவர் கேட்காவிட்டாலும்.