ஃபோமா, சொட்டா, கேபிளா, வடிப்பா? குளிருக்கு முன் குழாய்களுக்குச் செய்ய வேண்டியவை

கடுங்குளிர் வருமுன் வீட்டுக் குழாய்களுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால் நான்கு யோசனைகள் வரும். ஃபோம் இன்சுலேஷன், அதாவது குழாயைச் சுற்றும் நுரை உறை போடுங்கள், இரவில் டேப்பைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், மின்சாரத்தில் சூடாகும் ஹீட்டிங் கேபிள் ஒட்டுங்கள், தண்ணீரையே வடித்துவிடுங்கள். எல்லாமே வேலை செய்யும். ஆனால் ஒவ்வொன்றும் தடுப்பது வேறு வேறு விஷயத்தை. அதைப் பார்க்காமல் கடையில் முதலில் கண்ணில் பட்டதை வாங்கிச் சுற்றினால் காசும் போகும், குழாயும் போகும்.

குழாய் எப்படி உடைகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். தண்ணீர் உறையும்போது கன அளவில் சுமார் 9 சதவீதம் பெருகும். பனிக்கட்டி குழாயின் சுவரைத் தள்ளிப் பிளக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. குழாயின் ஓரிடத்தில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டு வளர்கிறது. அதற்கும் மூடிய டேப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீருக்குப் போக இடமில்லை. அழுத்தம் ஏறி ஏறி, எங்கே பலவீனமோ அங்கே வெடிக்கிறது. உறைந்த இடம் ஒன்று, வெடித்த இடம் இன்னொன்று என்று பிளம்பர்கள் சொல்வது இதனால்தான். பரணில் போகும் இன்சுலேஷன் இல்லாத குழாய்களுக்கு, வெளியே மைனஸ் 7 டிகிரி செல்சியஸ் வரும்போது ஆபத்து தொடங்குகிறது என்று இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கட்டட ஆய்வில் கண்டார்கள். சுவர் விரிசல் வழியாகக் குளிர்காற்று நேராகக் குழாயில் அடித்தால் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது, முன்னதாகவே உறைந்துவிடும்.

இப்போது ஃபோம். இதைப் பற்றித்தான் அதிகமான தப்பெண்ணம் இருக்கிறது. ஃபோம் வெப்பத்தை உண்டாக்காது, இருப்பது போகும் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். சுற்றிலும் மைனஸ் 10 டிகிரி, அரை அங்குலக் குழாய், உள்ளே அசையாத தண்ணீர் என்று வைத்துக்கொண்டு தோராயமாகக் கணக்குப் போட்டால், ஒன்றும் சுற்றாத குழாய் முழுக்க உறைய மூன்று மணி நேரம் போலாகும். 13 மில்லிமீட்டர் தடிமன் ஃபோம் சுற்றியிருந்தால் ஏழெட்டு மணி நேரம். அதாவது யாரும் டேப்பைத் தொடாத ஒரு நீண்ட இரவை ஃபோம் மட்டும் தாங்காது. பகலில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும் வீட்டில், ஒவ்வொரு முறை டேப்பைத் திறக்கும்போதும் மண்ணுக்கடியிலிருந்து கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் வந்து கடிகாரத்தைத் திருப்பி வைக்கிறது. அங்கே ஃபோம் அருமையான ஏற்பாடு, பராமரிப்பும் கிடையாது. ஆளில்லாத வீட்டில் அது வெறும் அலங்காரம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வெளிச்சுவருக்குள் போகும் குழாய்க்கும் வீட்டின் உட்பக்கத்துக்கும் நடுவில் இன்சுலேஷனைத் திணித்தால், அறையிலிருந்து குழாய்க்கு வந்துகொண்டிருந்த வெப்பத்தை நாமே தடுத்தவர்கள் ஆவோம். அது குழாய்க்கும் வெளிப்பக்கத்துக்கும் நடுவில்தான் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், ஃபோம் வாங்குவதற்கு முன்பே குழாய் சுவரில் நுழையும் ஓட்டைகளை அடைப்பதுதான் முதல் வேலை. செலவு குறைவு, பலன் அதிகம். ஏனோ யாரும் அதைச் செய்வதில்லை.

டேப்பைத் திறந்து வைப்பது பழைய கைவைத்தியம். சொட்டுச் சொட்டாக விட்டால் போதுமா, நூல் போல ஒழுக வேண்டுமா என்று பெரிய வாக்குவாதமே நடக்கும். இரண்டும் இரண்டு வேலை செய்கின்றன. மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்குச் சொட்டினால் அது கொண்டுவரும் வெப்பம் மிகக் கொஞ்சம், நீளமான குழாயைக் காப்பாற்றாது. ஆனாலும் டேப் திறந்திருப்பதால் அழுத்தம் ஏற வழியில்லை. குழாய் உறைந்தாலும் வெடிக்காமல் தப்ப நல்ல வாய்ப்பு உண்டு. மணிக்குப் பத்து லிட்டர் போல மெல்லிய ஒழுக்காக விட்டால், வரும் தண்ணீர் 8 டிகிரியில் இருந்தால்கூட, கிட்டத்தட்ட 90 வாட் ஹீட்டர் ஒன்றை எரிய விட்டதற்குச் சமம். அப்போது உறைவதே தடுக்கப்படும். வெந்நீர்க் குழாயும் உறையும் என்பதால், வெளிச்சுவரை ஒட்டிய வரிசையின் கடைசி டேப்பில் இரண்டு பக்கமும் திறந்திருக்க வேண்டும்.

ஆனால் இதை ஏற்பாடு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவசரத்துக்குச் செய்வது. தண்ணீர் வீணாகிறது. ஊரே ஒரே இரவில் டேப்பைத் திறந்தால் பொது வினியோகத்தின் அழுத்தம் விழுகிறது. கழிவுக் குழாய் குளிரான இடத்தின் வழியாகப் போனால், மெல்ல ஒழுகும் தண்ணீர் அங்கே அடுக்கடுக்காக உறைந்து, சிங்க் நிரம்பி வீட்டுக்குள் வழியும்.

வெப்பத்தைத் தானே உண்டாக்குவது ஹீட்டிங் கேபிள் மட்டும். அதிலும் இரண்டு ரகம். ஒன்று, எப்போதும் ஒரே அளவு வாட் எரிப்பது. விலை குறைவு, ஆனால் அதன் மேலேயே ஒரு சுற்று ஏறிக் கிடந்தால் அந்த இடம் சூடேறி உருகும், தீப்பிடிக்கவும் கூடும். மற்றது, குளிருக்கேற்பத் தன் வெப்பத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்வது. நீளத்தை வெட்டிப் பொருத்தும் வசதியோடும் கிடைக்கும். பிளாஸ்டிக் குழாய் என்றால் நான் யோசிக்காமல் இரண்டாவதைத்தான் எடுப்பேன், அதுவும் பிளாஸ்டிக்குக்கு ஏற்றது என்று அட்டையில் போட்டிருந்தால். கேபிளை ஒட்டிய பிறகு மேலே ஃபோம் போட்டால், உறையாமல் வைத்திருக்க மீட்டருக்குச் சில வாட்டே போதும். அதற்கு முன், அந்தக் கேபிளை இன்சுலேஷனுக்குள் வைக்கலாமா என்று தயாரிப்பாளர் சொல்வதைப் படித்துவிட வேண்டும். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் இல்லாத இணைப்பில் இதைச் செருகவே கூடாது.

கேபிளின் பலவீனம் வெளிப்படையானது. மின்சாரம் போனால் அதுவும் போச்சு. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸில் நடந்தது அதுதான்: கடுங்குளிரும் மின்வெட்டும் ஒன்றாக வந்தன, அடுப்பும் ஹீட்டரும் நின்ற வீடுகளில் குழாய்கள் வரிசையாக வெடித்தன. எனவே வீடு முழுக்கக் கேபிள் ஓட்டுவது தேவையில்லாத வேலை. சூடான இடத்துக்குக் கொண்டுபோக முடியாத அந்த ஒன்றிரண்டு மீட்டருக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

வாரக்கணக்கில் வீட்டைப் பூட்டிப் போகிறவர்களுக்கு இரண்டு வழி. வீட்டுச் சூட்டை 13 டிகிரிக்குக் கீழே இறங்காமல் விட்டுப் போகலாம், அல்லது தண்ணீரை வடித்துவிடலாம். நான் வடிப்புக் கட்சி. சூடு என்பது கருவி, எரிபொருள், மின்சாரம் மூன்றும் ஒழுங்காக இருந்தால்தான். வடித்த குழாயில் உறைவதற்கு ஒன்றுமே இல்லை. முதலில் வாட்டர் ஹீட்டரை அணைக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் எரிந்தால் அதன் எலிமென்ட் கருகிவிடும். அப்புறம் மெயின் வால்வை மூடி, மிக உயரத்தில் இருக்கும் டேப்பையும் மிகத் தாழ்வில் இருக்கும் டேப்பையும் திறக்க வேண்டும். மேலே காற்று நுழையாவிட்டால் கீழே தண்ணீர் முழுதாக இறங்காது. கழிப்பறைத் தொட்டியையும் காலி செய்துவிட்டு, சிங்க் அடியில் வளைந்த குழாயில் நிற்கும் தண்ணீருக்குப் உறையாமல் தடுக்கும் புரோப்பிலீன் கிளைக்கால் வகை ஆன்டிஃப்ரீஸ் ஊற்றலாம். காருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் விஷம், வீட்டுக் குழாய்ப் பக்கமே கொண்டுவராதீர்கள். வாட்டம் சரியில்லாத குழாயில் தண்ணீர் தங்கும். அதைக் கம்ப்ரசர் வைத்து ஊதித் தள்ள வேண்டியிருக்கும்.

குழாய் ரகத்தைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செம்பு பிளந்துவிடும், சிபிவிசி என்னும் கெட்டியான பிளாஸ்டிக் குளிரில் நொறுங்கும், பெக்ஸ் என்னும் வளையும் பிளாஸ்டிக் கொஞ்சம் விரிந்து கொடுக்கும். பெக்ஸ் போட்டாயிற்று, கவலையில்லை என்று இருக்க முடியாது. அதன் இணைப்புகள் விரிவதில்லை.

தோட்டத்து டேப்புக்கு, உள்ளே தனி வால்வு வைத்து மூடி வடிப்பதா, உறையாத வகை டேப் மாட்டுவதா என்பது அடுத்த கேள்வி. இரண்டாவதில் தண்ணீரை நிறுத்தும் இடம் சுவருக்கு உள்ளே, சூடான பக்கத்தில் இருக்கும். மறதிக்காரர்களுக்கு ஏற்றது. ஆனால் ஹோஸைக் கழற்றாமல் விட்டால் தண்ணீர் உள்ளே தேங்கி, அந்த டேப்பும் சுவருக்குள்ளேயே வெடிக்கும். குளிர் முடிந்து முதல் முறை திறக்கும்போதுதான் தெரியவரும்.

இத்தனைக்கும் பிறகு ஒரு குழாய் உறைந்துவிட்டால், டேப்பைத் திறந்து வைத்து, டேப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து ஹேர் டிரையரால் மெல்லச் சூடேற்றலாம். நெருப்பு வேண்டவே வேண்டாம். உறைந்த இடம் சுவருக்குள் என்றால் மெயின் வால்வை மூடிவிட்டுத்தான் அறைச் சூட்டைக் கூட்ட வேண்டும். விரிசலை அதுவரை அடைத்துக்கொண்டிருப்பது அந்தப் பனிக்கட்டியாகவே இருக்கலாம்.