யோங்முன் மலையடிவாரத்தில் ஓர் இளவேனில் கீரைச் சாப்பாடு

தென்கொரியாவின் யோங்முன்சா பௌத்தக் கோயிலுக்குப் போகும் வழியில் வரிசையாக நிற்கும் மலைக்கீரை உணவகங்களில் எதற்குள் நுழைந்தாலும், மேசைக்கு வரும் கிண்ணங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். எந்தச் சமையலறை கீரையின் குணமறிந்து சமைக்கிறது, எது எல்லாவற்றையும் ஒரே பூண்டிலும் எண்ணெயிலும் புரட்டித் தள்ளுகிறது என்பது வாயில் வைத்த பிறகுதான் தெரியும். நான் இங்கே மதிப்பிடும் உணவகம், ஓரிரு கிண்ணங்கள் நீங்கலாக, முதல் வகையைச் சேர்ந்தது. குறைகளையும் சொல்லப்போவதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன். சியோலிலிருந்து வருவோர் கியோங்குய்–சுங்காங் ரயில் தடத்தில் யோங்முன் நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடித்தால், பழமையான கிங்கோ மரத்துக்குப் பெயர்பெற்ற அந்தக் கோயிலின் அடிவாரத்துக்கு வந்துவிடலாம்.

ஏப்ரல் நடுவில், சன்சே ஜொங்சிக் எனப்படும் மலைக்கீரை முழுச்சாப்பாட்டைக் கேட்டிருந்தோம். சோறும், துவென்ஜாங் என்ற புளித்த சோயா விழுதில் வைத்த குழம்பும் நடுவில் இருக்க, சுற்றிலும் நமுல் எனப்படும் கீரைத் தொடுகறிகள் வந்தன. நமுல் செய்முறை கேட்பதற்கு எளியது: கீரையை உப்பிட்ட கொதிநீரில் முக்கி எடுத்து, குளிர்ந்த நீரில் அலசி, கையால் பிழிந்து, சுவைப்பொருள்களைச் சேர்த்துப் பிசிற வேண்டும். பெரும்பாலும் காரியம் கெடுவது பிழியும் இடத்தில்தான். நீர் தங்கிவிட்டால் சோயா சாறு நீர்த்துப்போய்க் கிண்ணத்தின் அடியில் தேங்கும். முறுக்கிப் பிழிந்தால் இலை சக்கையாகிவிடும். இங்கே சுவீநமுல் என்ற மலைக்கீரையைக் குச்சியால் தூக்கியபோது இலைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிந்தன, அடியில் நீர் தேங்கியிருக்கவில்லை, ஆனாலும் தண்டைக் கடித்தபோது உள்ளே ஈரமிருந்தது. தண்டை முதலில் கொதிநீரில் இறக்கி, சற்றுப் பொறுத்தே இலையையும் அமிழ்த்தினாலொழிய இரண்டும் ஒரே பதத்தில் வெந்திருக்காது.

அதைவிடவும் எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு கீரைக்கும் வேறு வேறு சேர்மானம் வைத்திருந்ததுதான். சுவீநமுலுக்கென்று ஒரு வாசனை உண்டு என்பதால் அதற்குச் சூப்புக்கான உப்பு மிகுந்த சோயா சாறும் பெரில்லா விதை எண்ணெயும் மட்டுமே சேர்த்து, பூண்டை ஏறக்குறைய ஒதுக்கியிருந்தார்கள். கசப்பு மிகுந்த மொவி என்ற கீரைக்குத் துவென்ஜாங். நெங்ஙி என்ற சிறு கீரையை வேரோடுதான் சாப்பிட வேண்டும், அதன் மணமே வேரில்தான் இருக்கிறது. ஆனால் வேரும் இலையும் சேரும் கழுத்தில் மண் ஒளிந்துகொள்ளும், அதைக் கத்தி முனையால் ஒவ்வொன்றாகச் சுரண்ட வேண்டும். கொச்சுஜாங் என்ற மிளகாய் விழுது தடவி வந்த அந்தக் கிண்ணத்தைக் காலி செய்யும்வரை பல்லில் ஒரு துகள் மண்கூட நெருடவில்லை. சமையலறையில் பொறுமைசாலி ஒருவர் இருக்கிறார்!

வொன்சூரி எனப்படும் டே-லில்லிக் குருத்தைப் பரிமாறும் கடையில் நான் எப்போதும் கொஞ்சம் விழிப்பாக இருப்பேன். அதில் கோல்சிசின் என்ற நச்சுப்பொருள் உண்டு. செடி வளர வளர அதன் அளவும் கூடுமாதலால் இளங்குருத்தை மட்டுமே பறித்து, நன்றாக வேகவைத்து, பிறகு 2 மணி நேரத்துக்கு மேல் குளிர்ந்த நீரில் ஊறவைத்த பின்பே உண்ண வேண்டும் என்று கொரிய உணவுப் பாதுகாப்பு அமைச்சகம் அறிவுறுத்துகிறது. பரிமாறிய அம்மையாரிடம் கேட்டபோது, காலையிலேயே வேகவைத்து ஊறப்போட்டுவிடுவதாகத் தயங்காமல் பதில் சொன்னார். குருத்துகளும் விரல் நீளத்துக்கு மேல் இல்லை. துரூப் எனப்படும் மரத்தளிரை, அடிக்கட்டையையும் முள்ளையும் சீவி, வெந்நீர் காட்டி, புளிப்பூட்டிய கொச்சுஜாங்கோடு தனியாக வைத்தார்கள். அதற்கு வேறெதுவும் தேவையுமில்லை.

சறுக்கியது கொசாரியில். பெரணித் தண்டை ஊறவைத்து வதக்கியவர்கள் நல்லெண்ணெயை அளவின்றி ஊற்றியிருந்தார்கள்; வறுத்த எள்ளின் வாடை மற்றக் கிண்ணங்கள் வரை வந்து சுவீநமுலின் மணத்தையும் அமுக்கியது. எல்லாக் கிண்ணங்களும் ஒரே நேரத்தில் வந்து நிறைவதும் எனக்கு ஒப்பவில்லை, ஆனால் அது இந்த நாட்டு வழக்கம், கடையின் குற்றமில்லை. தொடுகறிகளைக் கேட்டால் மறுபடி தருகிறார்கள், துரூப்பைத் தவிர. முழுச்சாப்பாட்டை இருவருக்குக் குறையாமல்தான் தருவார்கள். தனியாக வருபவர் மலைக்கீரை பிபிம்பாப் என்ற கலவைச் சோற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதில் எல்லாக் கீரையும் ஒன்றாகக் கலந்துவிடுவதால் இக்கடையின் திறமையில் பாதி தெரியாமலே போய்விடும்.

சைவ உணவுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோயில் வாசலில் இருப்பதாலேயே இது கோயில் சமையல் ஆகிவிடாது. பௌத்த மடங்களில் பூண்டு, வெங்காயத்தாள், தல்லே என்ற காட்டு வெங்காயம் போன்ற காரநெடிச் செடிகளைச் சேர்ப்பதில்லை. இங்கே அவை தாராளமாக உண்டு. குழம்பின் சாறு நெத்திலிக் கருவாட்டில் இறக்கியது, புளிக்கவைத்த காய்கறியான கிம்ச்சியிலும் மீன் சாறு இருக்கிறது. கீரைக் கிண்ணங்களில் எதில் மீன் சாறு கலந்திருக்கிறது என்று கேட்டால் தனித்தனியாகக் காட்டித் தருகிறார்கள்.

நெங்ஙி வேண்டுமானால் அது பூத்து வேர் முற்றுவதற்கு முன்பாகவும், துரூப்புக்காகவென்றால் ஏப்ரல் பிற்பகுதியிலும் போவது நல்லது. கோடை தொடங்கிவிட்டால் பெரும்பாலும் உலர்த்திய கீரையைத்தான் ஊறவைத்துத் தருவார்கள். அதுவும் நல்ல சாப்பாடுதான் என்றாலும், அதற்காக மட்டும் சியோலிலிருந்து இவ்வளவு தூரம் வரச்சொல்ல மாட்டேன்.