பிளாக்பெர்ரி ஸ்மோக்கின் 'பி ரைட் ஹியர்': ஊசி மாற்றிய பிறகு கேட்டது

போன வாரம் நண்பர் ஒருவர் போன் செய்தார். "பி ரைட் ஹியர் ரெக்கார்ட் விலை இறங்கியிருக்கு, வாங்கலாமா? நீங்கதான் வந்த நாள்லேர்ந்து கேட்டுட்டு இருக்கீங்களே" என்றார். உடனே பதில் சொல்ல வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

பிளாக்பெர்ரி ஸ்மோக் அட்லாண்டாவின் சதர்ன் ராக் பேண்டு. அவர்களுடைய இந்த ஆல்பம் 2024 பிப்ரவரி 16 அன்று வந்தது. பத்துப் பாட்டு. முந்தைய 'யூ ஹியர் ஜார்ஜியா' போலவே இதற்கும் டேவ் காப்தான் தயாரிப்பாளர். வந்த அன்றிலிருந்து நான் இதைக் கேட்டதெல்லாம் பெரும்பாலும் காரில். ஆல்ஃபரெட்டாவிலிருந்து அட்லாண்டாவுக்கு 400 நெடுஞ்சாலையில் போகும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை. நெரிசல் அதிகமான நாட்களில் ஆல்பம் முடிந்து மறுபடியும் முதல் பாட்டே வந்துவிடும்.

முதலில் என் மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பேண்டில் கிட்டார் வாசிப்பவர்கள் மூன்று பேர். சார்லி ஸ்டார், பால் ஜாக்சன், சில வருடங்களாக பென்ஜி ஷாங்க்ஸ். மேடையில் இவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார்கள். 'ஸ்லீப்பிங் டாக்ஸ்' என்ற பாட்டை மேடையில் இவர்கள் இழுத்து வாசித்தால் நேரம் போவதே தெரியாது. ஆனால் இந்த ஆல்பத்தில் சோலோ, அதாவது கிட்டார் தனியாக முன்னால் வந்து வாசிக்கிற பகுதி, சூடு பிடிக்கிற நேரம் பார்த்துக் கடைசிச் சரணம் வந்துவிடுகிறது. பந்தியில் பாயசம் பரிமாற வருகிறார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தால் இலையை எடுத்துவிட்ட மாதிரி இருக்கிறது. ஒரு பாட்டில் இப்படி என்றால் பரவாயில்லை. பாட்டுக்குப் பாட்டு இதே கதைதான். ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே, "இன்னும் எட்டு பார் வாசிச்சா என்ன?" என்று எத்தனையோ நாள் வாய்விட்டுக் கேட்டிருக்கிறேன். பார் என்பது நம் தாள ஆவர்த்தனம் மாதிரி ஒரு சுற்று.

இது பேராசை இல்லை. அமெரிக்கத் தென்மாநிலங்களின் ராக் இசையான சதர்ன் ராக் பிறந்து வளர்ந்ததே இழுத்து வாசிப்பதில்தான். இங்கிருந்து தெற்கே போனால் மேக்கன், இந்த இசைக்கு முன்னோடியான ஆல்மன் பிரதர்ஸ் பேண்டு குடியிருந்த ஊர். அவர்கள் 1971 இல் நியூயார்க் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் பதிவு செய்த ரெக்கார்டில் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு, சுமார் 23 நிமிடம். அந்தப் பேண்டின் பாடகர் கிரெக் ஆல்மனே 2016 இல் இவர்களுடைய 'லைக் ஆன் ஆரோ' ஆல்பத்தின் கடைசிப் பாட்டில் பிளாக்பெர்ரி ஸ்மோக்கோடு சேர்ந்து பாடினார். அவரே கூடப் பாடிய பேண்டு ஏன் ஸ்டுடியோவுக்குள் போனதும் இப்படிக் கையைக் கட்டிக்கொள்கிறது என்பதுதான் என் ஆதங்கம். சரி, ரேடியோவில் போட வேண்டும், மக்கள் போனில் கேட்கிறார்கள், எல்லாம் புரிகிறது. புரிந்தாலும் ஆறவில்லை.

இந்தக் கோபத்தோடேயே ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன். வீட்டில் ரெக்கார்ட் இருந்தும் போட முடியவில்லை. டர்ன்டேபிள் ஊசி தாங்கும் சின்னக் கம்பி, துடைக்கும்போது துணியில் மாட்டி வளைந்துபோயிருந்தது. பழுதுபார்க்கக் கொடுத்த கடையில் மாதக்கணக்கில் வைத்திருந்து, கடைசியில் பாகம் கிடைக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் நானே புது ஊசி வரவழைத்து, உருப்பெருக்கியை வைத்துப் பார்த்து மாட்டி, எடையைச் சரிசெய்து, ஒரு சனிக்கிழமை இரவு எல்லோரும் தூங்கிய பிறகு இந்த ஆல்பத்தைப் போட்டேன்.

இரண்டாவது பாட்டு 'ஹாமர் அண்ட் த நெயில்' வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். காரில் வெறும் 'டப்' என்று கேட்ட ஸ்நேர் டிரம், இங்கே அடி விழுந்து, சுவரில் பட்டு, ஒரு நொடியில் பாதி நேரம் காற்றில் நின்றுவிட்டு அடங்கியது. அடிக்கும் அடிக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன வெற்றிடத்தில்தான் பேஸ் கிட்டார் நுழைகிறது. பேண்டை ஒரே அறையில் நிறுத்தி, சேர்ந்து வாசிக்கவைத்துப் பதிவு செய்வதில் டேவ் காப் பேர் போனவர். அது வெறும் பேச்சில்லை என்று அன்றுதான் காதால் தெரிந்துகொண்டேன். பிராண்டன் ஸ்டிலின் கீபோர்டும் அப்படித்தான். காரில் அது இருந்ததே தெரியவில்லை. ஊசி மாற்றிய பிறகு, கிட்டார்களுக்குப் பின்னால் அது தனியாக ஒரு பேச்சு பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

அந்த டிரம்ஸ் வாசித்தவர் பிரிட் டர்னர். பேஸ் வாசிப்பது அவர் சகோதரர் ரிச்சர்ட். இருவரும் பேண்டு தொடங்கிய காலத்திலிருந்து சேர்ந்தே வாசித்தவர்கள். 2022 இல் பிரிட்டுக்கு மூளைப் புற்றுநோய் என்று தெரியவந்தது. சிகிச்சைக்கு நடுவிலும் முடிந்தபோதெல்லாம் மேடையேறினார். ஆல்பம் வெளிவந்து 16 நாளில், மார்ச் 3 அன்று, 57 வயதில் இறந்துபோனார். செய்தி வந்த அன்று இதே ஆல்பம்தான் காரில் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்திவிட்டேன். அடுத்த பல நாள் போடவே மனம் வரவில்லை.

அது தெரிந்த பிறகு இந்த அடியைக் கேட்பது வேறு மாதிரி இருக்கிறது. எங்கேயும் முந்திக்கொண்டு போகாத அடி. தன் கைத்திறமையைக் காட்ட வேண்டும் என்ற துடிப்பே இல்லாமல், அண்ணன் தம்பி திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி பேஸோடு ஒட்டியே போகிறது. ஐந்தாவது பாட்டு 'அசேலியா' மெதுவான பாட்டு. மார்ச் கடைசியில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு அசேலியா பூத்துக் கிடக்கும்போது நடைக்குப் போய்க்கொண்டே கேட்டிருக்கிறேன். இந்த வசந்தத்தில் கேட்டபோது பாட்டு முடியும் வரை ஒரே இடத்தில் நின்றுவிட்டேன். எதிரே வந்த பக்கத்து வீட்டம்மா ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார்.

இவ்வளவு சொல்லிவிட்டு நண்பருக்கு என்ன பதில் சொன்னேன் தெரியுமா? இப்போது வாங்க வேண்டாம் என்றுதான். முதலில் 'ஹோம்கமிங்' வாங்குங்கள், அட்லாண்டா டேபர்னக்கிள் அரங்கில் பதிவு செய்து 2019 இல் வெளியிட்ட நேரடி ஆல்பம். அதில் இவர்கள் கையைக் கட்டிக்கொள்ளவில்லை. பிரிட்டும் அதில் இருக்கிறார், நிறையவே இருக்கிறார். 'பி ரைட் ஹியர்' கேட்டு முடித்த ஒவ்வொரு முறையும் எனக்குப் போதவில்லை என்ற எண்ணம்தான் மிஞ்சுகிறது. அவர் இனி வாசிக்கப்போவதில்லை என்று தெரிந்த பிறகு அந்த எட்டு பார் இல்லாதது இன்னும் அதிகமாக உறுத்துகிறது. இதைக் குறை என்று எழுதுவது நியாயமா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. ஆனாலும் ஐந்துக்கு மூன்றுக்கு மேல் போட இன்று கை வரவில்லை.

"அப்போ உங்க ரெக்கார்டைக் கொடுங்க, ஒரு வாரம் கேட்டுட்டுத் தர்றேன்" என்றார். அது மட்டும் முடியாது என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை ராத்திரி வீட்டுக்கு வரட்டும், போட்டுக் காட்டுகிறேன்.