பேஷன்ட்லைன்: பங்கா, சொத்தா?

பிரிட்டன் மருத்துவமனைகளில் கட்டிலருகே தொலைக்காட்சியும் தொலைபேசியும் அமைத்த நிறுவனம் பேஷன்ட்லைன். பெரிய மருத்துவமனைகளில் இந்த வசதி வேண்டும் என்று 2000-இல் அரசு திட்டமிட்டது. கருவிகளைப் பொருத்தும் செலவு நிறுவனத்தின் தலையில் விழுந்தது. 2007-இல் அது தள்ளாடியபோது பணம் போட இரண்டு வழிகள்.

முதல் வழி, சந்தையில் பங்கு வாங்குவது. விலை மலிவுதான். ஆனால் நிறுவனம் விழுந்தால் காசு பெறும் வரிசையில், பங்குதாரருக்கு முன்னால் கடன் கொடுத்த வங்கிகள் நிற்கின்றன. வருமானத்துக்கோ நோயாளியின் பணப்பையைத்தான் நம்ப வேண்டும். வெளியிலிருந்து கட்டிலுக்கு அழைப்பவரிடம் நிமிடத்துக்கு 49 பென்ஸ் (நூறு பென்ஸ் ஒரு பவுண்டு) வரை கறந்தார்கள். தாயின் குரலைக் கேட்க மகன் கொடுக்கும் காசு அது; எரிச்சல் வராமல் என்ன செய்யும்? போதாக்குறைக்கு, 2007-இல் நோயாளி வெளியே அழைத்துப் பேசும் கட்டணத்தை நிமிடத்துக்கு 10 பென்ஸிலிருந்து 26 ஆக்கினார்கள். வாடிக்கையாளர் ஓடும் நேரத்தில் விலையேற்றுவது, பங்கு வைத்திருப்பவருக்கு அபாயமணி.

இரண்டாவது வழி, விழும்வரை காத்திருந்து சொத்தை மட்டும் வாங்குவது. 2008-இல் ஹாஸ்பீடியா என்ற நிறுவனம் அதைத்தான் செய்தது. சுவரில் ஏற்கெனவே பொருத்தப்பட்ட கருவிகள் கிடைத்தன, பழைய கடன் மலை வரவில்லை. பங்குதாரர்கள் வெறுங்கையோடு போனார்கள்.

என் ஓட்டு இரண்டாவதற்கே, அதுவும் அரைமனதோடு. கடன் குறைந்தாலும், நோயாளியின் சட்டைப்பையில் இருக்கும் கைபேசி அப்படியே போட்டியாக நிற்கிறதே. மருத்துவமனைகளில் அதற்கிருந்த தடையும் அப்போது தளர்ந்துகொண்டிருந்தது.