60 வோல்ட் தாங்கும் சிப் 6 வோல்ட்டில் ஏன் தடுமாறுகிறது? மூன்று பக் கன்வர்ட்டர்கள், ஓர் ஒப்பீடு

சென்னை ரிச்சி தெருவில் பவர் சப்ளை மாட்யூல் கேட்டால் முதலில் காதில் விழுவது மேல் எல்லைதான். "அறுபது வோல்ட் வரைக்கும் தாங்கும் சார், உங்க பன்னெண்டு வோல்ட்டெல்லாம் அதுக்கு ஒண்ணுமே இல்ல." நானும் அதை நம்பி, அம்பத்தூரில் எங்கள் சின்னப் பட்டறையில் செய்யும் ஜிபிஎஸ் டிராக்கர்கள் எல்லாவற்றுக்கும், பேட்டரி வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கித் தரும் பக் கன்வர்ட்டராக ஒரே சிப்பைப் போட்டேன். 48 வோல்ட் மின்சார ஸ்கூட்டரில் ஒரு குறையும் இல்லை. 12 வோல்ட் டீசல் ஷேர் ஆட்டோவில், காலையில் முதல் தடவை ஸ்டார்ட்டரைத் திருப்பியதும் டிராக்கர் அணைந்து மறுபடி எழுந்தது. சிம்மை மாற்றினேன், ஆன்டெனாவை மாற்றினேன். இரண்டு வாரம் கழித்துத்தான் பேட்டரி முனையில் ஆஸிலோஸ்கோப்பை வைத்துப் பார்த்தேன். ஸ்டார்ட்டர் இழுக்கும் நேரத்தில் 12 வோல்ட் 6.5-க்கு இறங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சிப் எல்எம் 2576 எச்வி. நேஷனல் செமிகண்டக்டர் காலத்துப் பழைய சரக்கு. 2011-ல் அந்த நிறுவனத்தை டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வாங்கியது. 60 வோல்ட் உள்ளீடு, 3 ஆம்பியர் வெளியீடு. ஆனால் இதன் 5 வோல்ட் வகைக்கு டேட்டாஷீட் உத்தரவாதம் தருவது 8 வோல்ட்டிலிருந்துதான். மேல் எல்லையையே பார்த்துக்கொண்டிருந்த நான் அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தேன்.

காரணம் உள்ளே இருக்கும் சுவிட்ச். அது பைபோலார் டிரான்சிஸ்டர். 3 ஆம்பியரில் அதன் குறுக்கே வழக்கமாக 1.4 வோல்ட் விழும், 1 ஆம்பியரிலும் ஏறக்குறைய ஒரு வோல்ட் போய்விடும். சுவிட்சில் வீணாகும் பங்கு என்ன என்பதற்குப் பெரிய கணக்கு வேண்டாம்: அந்த இழப்பை உள்ளீட்டு வோல்ட்டால் வகுத்தால் போதும். 1.2 வோல்ட் என்று வைத்தால், 48-ல் அது 2.5 சதவீதம். 7-ல் 17 சதவீதம். அதே சிப், அதே சுமை. 48 வோல்ட்டில் நிலைமை தலைகீழ்: அங்கே சுவிட்ச் பத்தில் ஒரு பங்கு நேரம்தான் ஆனில் இருக்கும், மீதி நேரமெல்லாம் மின்னோட்டம் ஷாட்கி டயோடு வழியாகப் போவதால் சூடாவது டயோடுதான். அதனால்தான் ஸ்கூட்டரில் நன்றாக ஓடுவதைப் பார்த்து ஷேர் ஆட்டோவைக் கணிக்க முடியாது.

இன்னொரு குறையும் உண்டு. சுமை இல்லாமலே இது சுமார் 5 மில்லிஆம்பியர் குடிக்கும். ஒரு மாதம் நிறுத்திவைத்த வண்டியில் அதுவே 3.6 ஆம்பியர்-மணி. ஸ்கூட்டருக்கும் 60 வோல்ட் தாராளம் இல்லை: நான்கு லெட்-ஆசிட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து, ஒவ்வொன்றையும் 14.4 வோல்ட்டுக்கு ஏற்றினால் 57.6 ஆகிவிடும்.

அதற்கு மாற்றாக எடுத்தது எல்எம் 5164. 6 முதல் 100 வோல்ட், 1 ஆம்பியர். இதில் சுவிட்ச் பைபோலார் இல்லை, மாஸ்ஃபெட்: கேட் என்ற முனையில் தரும் வோல்ட்டால் இயங்கும் டிரான்சிஸ்டர். டயோடுக்குப் பதிலும் உள்ளேயே இரண்டாவது மாஸ்ஃபெட் இருக்கிறது. சும்மா இருக்கும்போது 10 மைக்ரோஆம்பியரை ஒட்டித்தான் எடுக்கும். ஸ்கூட்டருக்கு இதைவிட நல்ல தேர்வை நான் பார்க்கவில்லை. ஆனால் 100 வோல்ட் தாங்க வேண்டும் என்றால் சிலிக்கானில் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். அதே பரப்பில் தாங்குதிறன் கூடக்கூட மாஸ்ஃபெட்டின் மின்தடையும் ஏறும். இதன் மேல் சுவிட்ச் 0.725 ஓம். 0.3 ஆம்பியரில் 0.22 வோல்ட்தான் விழும், நல்லது. 1 ஆம்பியரில் 0.7-ஐத் தாண்டும், அப்போது பழைய பைபோலாரைவிடப் பெரிய லாபம் இல்லை. 2ஜி மோடம் பேசும்போது 4.6 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை, அரை மில்லிசெகண்டுக்குச் சற்றே அதிகமாக 2 ஆம்பியர் வரை இழுக்கும். அதை வெளியீட்டில் வைக்கும் கெபாசிட்டர்தான் சமாளிக்க வேண்டும்.

மூன்றாவது டிபிஎஸ் 54360. இதுவும் 60 வோல்ட் சிப்தான், 3.5 ஆம்பியர். ஆனால் கீழ் எல்லை 4.5 வோல்ட், சுவிட்ச் 92 மில்லிஓம். 2 ஆம்பியரிலும் 0.18 வோல்ட்தான் இழப்பு. உள்ளீடு 6 வோல்ட்டுக்கு இறங்கினாலும் 5 வோல்ட் எடுக்க இடம் இருக்கிறது.

இங்கே பூட் கெபாசிட்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், பலர் வழுக்குவது அதில்தான். இந்தச் சிப்களில் சுவிட்சாக இருக்கும் என்-சானல் வகை மாஸ்ஃபெட்டை ஆன் செய்ய, அதன் கேட்டுக்கு உள்ளீட்டைவிட மேலான வோல்ட் வேண்டும். அதைத் தருவது அந்தச் சின்னக் கெபாசிட்டர். சுவிட்ச் ஆஃப் ஆகி, இண்டக்டர் (கம்பிச் சுருள்) முனை தரைக்கு, அதாவது பூஜ்ய வோல்ட்டுக்கு, இறங்கும்போதுதான் அது நிரம்பும். உள்ளீடும் வெளியீடும் நெருங்கும்போது சுவிட்ச் ஆஃப் ஆகவே நேரம் இருக்காது. கெபாசிட்டர் வற்றிவிடும், சிப் திணறும். டிபிஎஸ் 54360-ல் அதை நிரப்புவதற்கென்றே உள்ளே ஒரு குட்டி மாஸ்ஃபெட் வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்தச் சிப் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் இதுதான்.

"அப்போ எம்பி 1584 போட்டா மலிவாச்சே அண்ணா?" என்று பட்டறைத் தம்பி கேட்டான். 4.5 வோல்ட்டிலேயே ஓடும், 3 ஆம்பியர் தரும், உண்மைதான். ஆனால் மேல் எல்லை 28 வோல்ட். ஓடும் வண்டியில் பேட்டரி இணைப்பு விட்டுப்போனால் ஆல்டர்னேட்டர் தள்ளும் வோல்ட் அதைத் தாண்டிப் போகும். திடீர் வோல்ட் எழுச்சியை வெட்ட வழக்கமாகப் போடும் 24 வோல்ட் டிவிஎஸ் டயோடு, அதன் முழு மின்னோட்டத்தில் கட்டுப்படுத்தும்போது 38.9 வரை ஏற விட்டுவிடும். மேசை மேல் வைக்கும் சாதனத்துக்கு அது சரி, வண்டிக்கு வேண்டாம்.

உள்ளீட்டில் பெரிய கெபாசிட்டர் வைத்துப் பழைய சிப்பையே காப்பாற்றலாமே என்றும் முயன்றேன். 1000 மைக்ரோஃபாரட், 11.5-லிருந்து 8 வோல்ட் வரை இறங்க விட்டால், 2.5 வாட் எடுக்கும் டிராக்கருக்குக் கிடைப்பது 14 மில்லிசெகண்ட். ஸ்டார்ட்டர் சுற்றுவது ஒரு செகண்டுக்கும் மேல்.

வயரையும் மறக்க வேண்டாம். உள்ளீடு குறையும்போது பக் கன்வர்ட்டர் அதிக மின்னோட்டம் கேட்கும். 5 வாட்டுக்கு 48-ல் 0.12 ஆம்பியர் போதும். 7-ல் இழப்பையும் சேர்த்து 0.85. ஒரு ஓம் உள்ள மெல்லிய வயரில் 0.85 வோல்ட் வழியிலேயே போய்விடும். சிப் அணையும், உடனே உள்ளீடு ஏறும், மறுபடி எழும், மறுபடி அணையும்.

இப்போது ஷேர் ஆட்டோவுக்கு டிபிஎஸ் 54360, ஸ்கூட்டருக்கு எல்எம் 5164 என்று இரண்டு போர்டுகள் செய்கிறோம். கையிருப்பில் மிச்சம் இருக்கும் எல்எம் 2576 எச்வி, 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்காத 24 வோல்ட் கண்ட்ரோல் பேனல்களுக்குப் போகிறது. எந்தப் போர்டும் பட்டறையை விட்டுப் போகும் முன், முழுச் சுமையோடு பெஞ்ச் சப்ளையை 12-லிருந்து 5 வரை அரை அரை வோல்ட்டாக இறக்கிப் பார்க்கிறோம். வெளியீடு எந்த வோல்ட்டில் சரிகிறதோ, அதை மார்க்கரால் போர்டின் பின்பக்கம் எழுதிவிடுகிறான் தம்பி.