2800 என்று எழுதிய 14500 பற்றரி: காசு கொடுக்க முதல் நிறுத்துப் பாருங்கோ

யாழ்ப்பாண நகரத்துக் கடையொன்றில் சின்ன ரோச் லைற்றுக்கு என்று 14500 லித்தியம் பற்றரி ஒரு சோடியும் சார்ஜரும் சேர்த்து விற்கிறார்கள். லேபிளில் 2800 எம்.ஏ.எச். (மில்லியம்பியர் மணி, பற்றரி எவ்வளவு மின்னைப் பிடிக்கும் என்ற அளவு). முழுதாகச் சார்ஜ் ஏற்றி, இறக்கி அளந்தால் ஒன்று 480, மற்றது 410. திருப்பிக் கொண்டுபோனால் "லைற் எரியுதுதானே" என்பதுதான் பதில். பற்றுச்சீட்டும் தரவில்லை.

14500 என்பது 14 மி.மீ. விட்டம், 50 மி.மீ. நீளம். 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் உள்ள 18650 பற்றரியின் கனவளவில் பாதிகூட இல்லை. பேர்பெற்ற கம்பனிகளின் 18650 களே பெரும்பாலும் 3500 ஓடு நின்றுவிடுகின்றன. பிறகெப்படி இந்தச் சின்னக் குழாய்க்குள் 2800 அடங்கும்? நேர்மையான 14500 இல் 800 முதல் 1000 வரை இருக்கும், மிகத் திறமானது 1200 ஐத் தொடும். இன்னும் சின்னதான 10440 (10 மி.மீ. விட்டம், 44 மி.மீ. நீளம்) என்றால் 350 அளவுதான். 9900 என்று அச்சடித்த 18650 ஐக் கண்டால் விலையே கேட்க வேண்டாம்.

கடையில் நின்றபடியே செய்யக்கூடிய சோதனை நிறுப்பதுதான். நல்ல 14500 ஏறத்தாழ 20 கிராம், 18650 என்றால் 45 முதல் 50 கிராம். இந்தச் சோடியில் ஒவ்வொன்றும் 13 கிராம். ஆனால் நிறை சரியென்று மட்டும் நம்பிவிடக் கூடாது. பழைய லப்ரொப் பற்றரியைப் பிரித்தெடுத்த 18650 க்குப் புது உறை போட்டும் விற்கிறார்கள். அடிப்பக்கத்தில் வெல்டிங் புள்ளியோ அதைத் தேய்த்த அடையாளமோ தெரிந்தால் அது பழசு.

மல்ரிமீற்றரும் பிடியுங்கோ. கடையிலிருந்து வரும் புதுப் பற்றரி 3.5 முதல் 3.7 வோல்ற் வரை காட்டும். 2.5 க்குக் கீழே போனதைச் சார்ஜ் ஏற்றி உயிர்ப்பிக்கப் பார்க்க வேண்டாம். முழுச் சார்ஜில் 4.2 காட்டியது, சும்மா வைத்த அடுத்த நாளே 4.1 க்குக் கீழே இறங்கினால் உள்ளே பழுது.

இதைவிடப் பயங்கரம் அந்தச் சார்ஜர். 4.2 வோல்ற்றில் நிறுத்த வேண்டியது, பச்சை லைற் வந்த பிறகும் ஏற்றிக்கொண்டே இருந்து 4.35 ஐத் தாண்டியது. அளவுக்கு மீறி ஏற்றினால் எதிர்முனைத் தகட்டில் லித்தியம் உலோகமாகப் படியும். அது உள்ளுக்குள்ளேயே ஷோர்ட் ஆக்கி நெருப்புப் பிடிக்க வைக்கும். இப்படியான சார்ஜரை இரவில் போட்டுவிட்டு நித்திரைக்குப் போகாதேங்கோ, தயவுசெய்து. 800 எம்.ஏ.எச். பற்றரிக்கு 400 மில்லியம்பியர் சார்ஜ் போதும்.

"சைஸ் ஒண்டுதான், போடலாம்" என்றும் சொல்லி விற்கிறார்கள். சாதாரண 1.5 வோல்ற் ஏஏ பற்றரிக்குச் செய்த ரோச்சில் 14500 ஐப் போட்டால் 4.2 வோல்ற் பாயும், பல ரோச்சுகளில் உள்ளிருக்கும் சேர்க்கிற் கருகிவிடும். ரோச்சின் உடலிலோ பெட்டியிலோ 14500 என்று எழுதியிருந்தால் மட்டும் போடுங்கோ. சிஆர்123ஏ யும் 16340 உம் அப்படித்தான், பார்வைக்கு ஒன்று. சிஆர்123ஏ 3 வோல்ற், சார்ஜ் ஏற்றவே கூடாது, ஏற்றினால் வெடிக்கலாம். 16340 சார்ஜ் ஏற்றும் லித்தியம், முழுச் சார்ஜில் 4.2 வோல்ற். இரண்டு சிஆர்123ஏ போடும் ரோச்சுக்கு 6 வோல்ற். அதற்குள் இரண்டு 16340 போட்டால் 8.4.

யூ.எஸ்.பி வாய் வைத்த 1.5 வோல்ற் லித்தியம் பற்றரிகளில் 3000 என்று இருப்பது பெரும்பாலும் எம்.டபிள்யூ.எச். (மில்லிவாற் மணி). கடைக்காரர் அதை எம்.ஏ.எச். என்று சொல்லுவார். உள்ளே இருக்கும் லித்தியம் 3.7 வோல்ற், அதனால் 3000 ஐ 3.7 ஆல் பிரியுங்கோ: உள்ளே இருப்பது 810 எம்.ஏ.எச். தான்.

பற்றுச்சீட்டில் பற்றரியின் அளவையும் லேபிள் இலக்கத்தையும் எழுதிக் கேளுங்கோ. எழுத மறுக்கிற கடையில் வாங்க வேண்டாம். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பற்றரியை எறியாமல், லேபிளோடு படம் எடுத்து வைத்துக்கொண்டு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அறிவிக்கலாம்.