குரல் பதிவுக்கு எந்த மைக்: எஸ்எம்7பி, என்டி1-ஏ, டிஎல்எம் 103 ஓர் ஒப்பீடு

குரல் பதிவுக்காக ஸ்டுடியோ மைக் வாங்க எண்ணுபவர்கள் பெரும்பாலும் இரண்டு பெயர்களுக்கு இடையில்தான் தடுமாறுகிறார்கள்: டைனமிக் வகையில் ஷூர் எஸ்எம்7பி, கண்டன்சர் வகையில் ரோட் என்டி1-ஏ. செலவழிக்க இன்னும் சற்று இடமிருந்தால், கண்டன்சர் வகையிலேயே நாய்மன் டிஎல்எம் 103 போட்டிக்கு வந்துவிடும். இவற்றுள் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. பாடுபவர் மைக்கிலிருந்து எவ்வளவு தொலைவில் நிற்கப்போகிறார், அந்தத் தொலைவில் நிற்க அவருடைய அறை இடம் தருமா என்பவை தெரிந்தால்தான் இந்த ஒப்பீட்டுக்கே பொருள் உண்டு.

டைனமிக் மைக்கில் ஒலி அலையானது படலத்தை மட்டுமல்லாமல், அதனோடு ஒட்டியிருக்கும் கம்பிச்சுருளையும் சேர்த்துக் காந்தப்புலத்துக்குள் அசைக்க வேண்டியிருக்கிறது. கண்டன்சரில் உலோகப் பூச்சுள்ள மிக மெல்லிய படலம் மட்டும் அசைந்தால் போதும் என்பதால், உதடு பிரியும் ஓசையும் சொல்லின் முடிவில் கசியும் மூச்சும் கூடத் தெளிவாகப் பதிவாகின்றன. இந்த நுண்மைக்கு ஈடாக 48 வோல்ட் ஃபேன்டம் பவர், அதாவது கேபிள் வழியாகவே மைக்குக்குச் செல்லும் மின்சாரம், தேவை. மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்றைய ஆடியோ இன்டர்ஃபேஸ்கள் அநேகமாக எல்லாவற்றிலும் அது இருப்பதால், இதை ஒரு குறையாகக் கருத வேண்டியதில்லை.

மைக் தரும் சிறு மின்னழுத்தத்தைப் பெருக்கும் அளவான கெயின் விஷயம் அப்படியல்ல. ஒரு பாஸ்கல் ஒலி அழுத்தத்துக்கு என்டி1-ஏ ஏறத்தாழ 25 மில்லிவோல்ட் தருகிறது. எஸ்எம்7பி தருவதோ 1.12 மில்லிவோல்ட். டெசிபல் கணக்கில் இந்த வேறுபாடு சுமார் 27. ஆகவே மென்மையாகப் பாடுபவரின் குரலை எஸ்எம்7பியில் பதிவு செய்ய ப்ரீஆம்பில் (அப்படிப் பெருக்கும் பகுதியில்) 60 டெசிபல் வரை கெயின் வேண்டியிருக்கும். மலிவான இன்டர்ஃபேஸ்கள் சிலவற்றில் குமிழை அந்த எல்லைவரை திருப்பும்போது குரலோடு ஓர் இரைச்சலும் ஏறிவரும். இதற்காக, ஒலியை முன்கூட்டியே உயர்த்தித் தரும் தனி பூஸ்டர் வாங்குவோர் பலர். ஷூர் நிறுவனமே 2023இல் உள்ளேயே ப்ரீஆம்ப் வைத்த எஸ்எம்7டிபி என்ற மாடலை வெளியிட்டது. எனவே விலையை ஒப்பிடுபவர், பூஸ்டரின் விலையையும் சேர்த்தே எஸ்எம்7பியின் கணக்கைப் போட வேண்டும்.

டைனமிக் மைக் அறையின் ஓசையை எடுக்காது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இது பாதி உண்மைதான். மேலே சொன்ன மூன்று மைக்குகளுமே முன்புறத்து ஒலியை அதிகமாகவும் பின்புறத்து ஒலியைக் குறைவாகவும் ஏற்கும் கார்டியாய்டு வகையைச் சேர்ந்தவை. ஒரே இடத்தில், ஒரே தொலைவில் வைத்து, ஒலியளவைச் சமப்படுத்திக் கேட்டால், குரலுக்கும் மின்விசிறி இரைச்சலுக்கும் இடையிலான விகிதம் மூன்றிலும் பெரிதாக மாறுவதில்லை. கண்டன்சரில் சுவரின் எதிரொலி கூடுதலாகத் தெரிவதற்குக் காரணங்கள் வேறு: அதன் வெளியீடு உரத்தது, மேல் அதிர்வெண்கள் அதில் துலக்கமாக விழுகின்றன, எல்லாவற்றுக்கும் மேலாக, அதை ஒரு சாண் தள்ளி வைத்துத்தான் பாடுகிறோம். எஸ்எம்7பியிலோ உதடு வலையைத் தொடும் அளவுக்கு நெருங்கிப் பாடலாம், ஏனெனில் அதன் தடித்த நுரையுறை ‘ப’, ‘ப்ப’ போன்ற வெடிப்பொலிகளின் காற்றைத் தாங்கிக்கொள்ளும். தொலைவு பாதியாகக் குறைந்தால் நேரடிக் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடுகிறது. அறையின் எதிரொலி முன்பிருந்த அளவிலேயே நிற்கிறது. வெறும் சுவர்கள் கொண்ட அறையில் எஸ்எம்7பி நன்றாக ஒலிப்பதன் ரகசியம் பெரும்பாலும் இந்த நெருக்கம்தான். 1982இல் வெளியான மைக்கேல் ஜாக்சனின் ஆல்பத்துக்கு ஒலிப்பொறியாளர் ப்ரூஸ் ஸ்வீடியன் இதன் முன்னோடியான எஸ்எம்7ஐப் பயன்படுத்தியதை மேற்கோள் காட்டுவோர், அந்தப் பதிவு முறையான ஸ்டுடியோவில் நடந்தது என்பதை ஏனோ சேர்த்துச் சொல்வதில்லை.

நெருக்கத்துக்கும் ஒரு விலை உண்டு. கார்டியாய்டு மைக்கை நெருங்க நெருங்கக் கீழ் அதிர்வெண்கள் பெருத்து, குரல் கனமாகும். மேடைப் பழக்கமுள்ள பாடகர் உச்ச சுரத்துக்குப் போகும்போது தலையைத் தாமாகவே பின்னுக்கு இழுப்பார். எஸ்எம்7பியில் ஐந்து செண்டிமீட்டரிலிருந்து இருபதுக்கு நகர்ந்தாலே அடித்தொண்டையின் கனம் கரைந்து, அந்த ஒரு வரி மட்டும் வேறொருவர் பாடியதுபோல் மெலிந்துவிடும். ஒலியளவைப் பிறகு சரிசெய்யலாம். வரிக்கு நடுவில் மாறிய குரலின் நிறத்தை ஒட்டவைப்பது பெரும்பாடு. அசைந்து பாடுபவர்களுக்கு டைனமிக் வகையிலேயே எலக்ட்ரோ-வாய்ஸ் ஆர்இ20 பொருத்தமானது. 1968இல் வந்த இந்த மைக்கின் அமைப்பு, நெருக்கத்தால் வரும் கனத்தைப் பெருமளவு கட்டுப்படுத்துகிறது.

கண்டன்சர்களுக்குள் தேர்வு வேறு விதமானது. என்டி1-ஏயின் சுய இரைச்சல், அதாவது மைக்கே எழுப்பும் இரைச்சல், 5 டெசிபல் (ஏ, காதின் உணர்வுக்கேற்ப அளந்தது). டிஎல்எம் 103க்கு 7. பலரின் கனவான நாய்மன் யு 87 ஏஐக்கு கார்டியாய்டு நிலையில் 12. விலை ஏற ஏற இரைச்சல் குறையும் என்று நினைத்தால் இந்த வரிசை நேர் எதிராக இருக்கிறது. மிக விலையுயர்ந்த மைக்கில் நாம் பணம் கொடுப்பது அமைதிக்காக அல்ல, குரலின் நடுப்பகுதி பிசிறில்லாமல் அமரும் விதத்துக்காகவும், ஒலியேற்கும் வடிவத்தை மூன்று வகையாக மாற்றிக்கொள்ளும் வசதிக்காகவும்தான். என்டி1-ஏ மேல் அதிர்வெண்களில் தூக்கலானது. ‘ஸ’, ‘ஷ’ ஒலிகள் இயல்பிலேயே கூர்மையாக விழும் குரல்களுக்கு அது காதைக் குத்தும். டிஎல்எம் 103இலும் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சுமார் 4 டெசிபல் ஏற்றம் உண்டு என்றாலும், என் காதுக்கு அது அவ்வளவு உறுத்துவதில்லை. மந்தமான, மூடிய குரலுக்கு என்டி1-ஏயின் அதே தூக்கல் வரமாகிவிடுவதையும் சொல்ல வேண்டும்.

மெல்லிய உலோக நாடா அசைந்து ஒலியை ஏற்கும் ரிப்பன் மைக்குகள் ‘ஸ’காரத்தை அழகாக அடக்கக்கூடியவை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை முன்னும் பின்னும் ஒரே அளவில் ஒலியை ஏற்பவை ஆதலால், பின்னால் வெறும் சுவர் இருக்கும் அறையில் அவற்றைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

சுவரில் கனமான துணியோ பஞ்சுப் பலகையோ போடாத அறையில், நின்ற இடத்தில் நெருங்கிப் பாடுபவருக்கு நான் எஸ்எம்7பியைத்தான் சொல்வேன். எதிரொலியை ஓரளவு அடக்கிய அறை இருந்து, குரலில் ‘ஸ’காரத் தொல்லை இல்லாவிட்டால், அதைவிடக் குறைந்த தொகைக்கு என்டி1-ஏயை வாங்கி, மிச்சத்தை அறைக்கே செலவிடலாம். வாங்குமுன் இரண்டிலும் ஒரே வரியைப் பாடிப் பதிவு செய்து, ஒலியளவைச் சமமாக்கிய பிறகே ஒப்பிட வேண்டும். 27 டெசிபல் உரத்து ஒலிக்கும் மைக், சமப்படுத்தாமல் கேட்டால், எப்போதும் சிறந்ததாகவே தோன்றும்.